விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பும் அத்தை: வெளியே பூட்டிவிட்டுப் போகலாமா?

பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43. கொழுந்து எடுக்கும் வேலை. கணவர் ஜீப் ஓட்டுகிறார். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டில் 74 வயது மாமியார். இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் பிறந்தவர். சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவராக, 1975-ல் கைக்குழந்தையோடு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அந்தக் கைக்குழந்தைதான் இன்று திருப்பூரில் இருக்கும் மூத்த மகன்.

மாமனார் இறந்து மூன்று வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக அத்தைக்கு மறதி. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போடுகிறார். பேரன் பெயர் சில நாள் வருவதில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, கொழுந்து எடுக்கும்போது கட்டும் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, "பெரட்டுக்கு நேரமாச்சு, கணக்கப்பிள்ளை பேர் போட மாட்டாரு" என்று கிளம்பிவிடுகிறார். (பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது.) இரண்டு முறை அக்கம்பக்கத்தார் கூட்டிவந்து விட்டார்கள். அதில் ஒரு நாள், அவர் போன பாதையிலேயே யானை நின்றிருக்கிறது. அன்றிலிருந்து, எல்லோரும் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு நாள் மாலை வந்து திறந்தபோது, கதவைத் தட்டித் தட்டி அத்தையின் இரண்டு உள்ளங்கையும் சிவந்து கிடந்ததாம்.

"என் தோட்டை எடுத்து வித்துட்டா" என்று லைன் (தோட்டத்துக் குடியிருப்பு வரிசை) முழுக்க மருமகளைப் பற்றிச் சொல்கிறார். போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து நெற்றியில் வீக்கம்; தைலம் தேய்த்தார்கள், வடிந்துவிட்டது. கடைசிப் பத்து நாளாகப் பகலெல்லாம் தூங்கி விழுகிறார். இரவில் கத்துகிறார். கட்டில் ஓரத்தில் பிள்ளைகள் நிற்பதாகச் சொல்கிறார். சரியாகச் சாப்பிடுவதில்லை. விரலால் போர்வையைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறார். மூத்த மகன், மாதம் மாறி மாறி வைத்துக்கொள்ளலாம் என்கிறார். வங்கியில் இருக்கும் அம்மாவின் ஓய்வுப் பணத்தை எடுக்க ஒரு கைநாட்டும் கேட்கிறார். பக்கத்து வீட்டார் மந்திரிக்கச் சொல்கிறார்கள். கடிதத்தின் கடைசி வரி: "பூட்டிவிட்டுப் போவது பாவமா டாக்டர்? இந்த வியாதி எங்களுக்கும் வருமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம்தான் என்னை உடனே போனை எடுக்க வைத்தது. அத்தையைத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன். வீட்டில் வயதானவர்களை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வருடக் கதை வேறு, பத்து நாள் கதை வேறு

அத்தைக்கு மறதி கூடிக்கொண்டே வந்து, இப்போது முற்றிவிட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். டிமென்ஷியா என்கிற மறதிநோய் பெரும்பாலும் அப்படிப் பத்து நாளில் முற்றாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகரும். பகல் இரவாகி, இரவு பகலாகி, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்து, ஒரு நேரம் தெளிவும் ஒரு நேரம் மயக்கமுமாகச் சில நாட்களுக்குள் ஒருவர் மாறிப்போனால், அதற்கு டெலிரியம் என்று பெயர். உடம்பில் வேறெங்கோ ஏற்பட்ட கோளாறு மூளையைக் குழப்புகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே மறதி உள்ளவர்களுக்கு இது சுலபமாக வரும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்தால் பெரும்பாலும் இறங்கும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

கடிதத்திலேயே பல காரணங்கள் தென்படுகின்றன. வயதானவர்களுக்குச் சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தால் எரிச்சலோ காய்ச்சலோ இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை; குழப்பம் மட்டுமே வெளியில் தெரியலாம். நெஞ்சுச் சளியும் அப்படித்தான். ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு குறைந்தாலும் இப்படி ஆகும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே அதைக் குறைத்துவிடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, ஒரு வேளை தவறாமல் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அவர் சாப்பிடாத நாளிலும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். அரைச் சோறுகூட உள்ளே போகவில்லை என்றால், மாத்திரை கொடுக்கும் முன் கிராமச் செவிலியரையோ டாக்டரையோ கேளுங்கள்.

அப்புறம் மெடிக்கலில் வாங்கிய அந்தச் சளி மாத்திரை. அட்டையில் குளோர்பெனிரமின் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நமக்குத் தூக்கம் வரவைக்கும். 74 வயது மூளையை அது குழப்பியே விடும். அதை இன்றே நிறுத்துங்கள். மூன்று வாரமாகக் கொடுக்கும் தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தினமும் எடுத்ததைத் திடீரென நிறுத்தினாலும் குழப்பம் கூடும், வலிப்புகூட வரலாம். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

எனக்கு ரொம்பக் கவலையாக இருப்பது அந்த நெற்றி வீக்கம். வெளியே வீக்கம் வடிந்தது சரி. ஆனால் வயதானவர்களுக்குத் தலையில் லேசாக அடிபட்டால்கூட, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து தேங்கலாம். அது மூளையை அழுத்தத் தொடங்கப் பல வாரம் ஆகலாம். அதற்குள் வீட்டில் எல்லோரும் விழுந்ததையே மறந்திருப்பார்கள். தலை ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் சின்ன அறுவை சிகிச்சையில் ரத்தத்தை எடுத்துவிடுவார்கள். அப்படித் தெளிந்து எழுந்து நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பந்தலூர், கூடலூர் அரசு மருத்துவமனைகளில் முதலில் காட்டுங்கள். "போன மாதம் விழுந்து தலையில் அடிபட்டது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். ஒரு நாள் கூலி போகும், மலைப் பாதையில் அவருக்கு வாந்தி வரும், எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். அரைத் தூக்கத்தில் எழுப்பினாலும் எழவில்லை, ஒரு பக்கக் கை கால் தளர்கிறது, வாந்தி நிற்கவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

போர்வையைக் கிள்ளுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "அம்மா கொழுந்து எடுக்குறாங்க" என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வாசித்தபோது எனக்கும் மனசு கனத்தது. முப்பது வருடம் ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய விரல்கள். அந்தப் பழக்கம் கடைசிவரை விரலில் இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் தேயிலைச் செடியையே பார்த்திராத மனிதர்களும், டெலிரியத்தில் இதே மாதிரி போர்வையையும் சேலைத் தலைப்பையும் கிள்ளிக்கொண்டு கிடப்பார்கள். வெகுகாலமாக மருத்துவர்கள் அறிந்த அடையாளம் அது. அந்த விரல்களைப் பார்த்து நீங்கள் கலங்கியது சரிதான். அதோடு ஆஸ்பத்திரிக்கும் கிளம்ப வேண்டும்.

வயசானா இப்படித்தானா?

இல்லை. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் டிமென்ஷியா உள்ளவர்கள் சுமார் 7.4 சதவீதம் என்று நாடு தழுவிய ஆய்வு ஒன்று 2023-ல் சொன்னது. மீதிப் பேருக்கு இல்லை. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயது. கையில் இருப்பது எதற்கான பொருள் என்றே புரியாமல் நிற்பது நோய்.

அதே சமயம், மறதி என்றாலே மருந்தில்லாத வியாதி என்றும் முடிவு கட்ட வேண்டாம். தைராய்டு குறைந்தால் மறதி வரும். பி12 சத்துக் குறைந்தால் வரும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு, மருந்தும் உண்டு. மனச்சோர்வு அப்படியே மறதிநோய் மாதிரியே வேஷம் போடும். ஐம்பது வருடத் துணை போன பிறகு ஆரம்பித்த மறதி என்பதால் அதையும் பார்க்க வேண்டும். அவர் அழுகிறாரா, "என்னையும் கூப்பிட்டுக்க" என்கிறாரா என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்றும் கவனியுங்கள். உங்கள் ஊரில் ஆனி ஆடி மழை தகரக் கூரையில் கொட்டும்போது நல்ல காதுக்கே ஒன்றும் கேட்காது. காதில் அடைத்த குறும்பியை எடுத்துவிட்டதும் பாதிக் குழப்பம் போனவர்கள் உண்டு.

பரிசோதனை அறையில் ஒரு சிக்கல் வரும். "இன்று என்ன தேதி? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடமே போகாத, கைநாட்டு வைக்கிற ஒருவர் நல்ல நாளிலேயே அதில் தோற்றுப்போவார். எழுத்தறியாதவர்களுக்கென்றே வேறு கேள்விமுறைகள் இருக்கின்றன. அவற்றையும்விட உதவுவது நீங்கள் கொண்டுபோகும் துண்டுச்சீட்டு. முன்பு தனியாகச் செய்தவற்றில் இப்போது எதைச் செய்ய முடியவில்லை, எந்த மாதத்திலிருந்து என்று எழுதுங்கள். எத்தனை கிலோ எடுத்தோம், எவ்வளவு சம்பளம் வர வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டவர் இப்போது பத்து ரூபாய்க்குச் சில்லறை எண்ணத் தடுமாறுகிறார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரி பத்துக் கேள்விக்குச் சமம்.

அவர் நடிக்கவில்லை

"தலவாக்கலையில் லயத்துக்கு முன்னால் நின்ற மரம்வரை சொல்கிறார், காலையில் சாப்பிட்டது மட்டும் எப்படி மறக்கும்? வேண்டுமென்றே செய்கிறாரோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தச் சந்தேகம் வராத வீடே இல்லை. புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கும் மூளைப் பகுதியைத்தான் பெரும்பாலும் இந்த நோய் முதலில் பிடிக்கிறது. பழைய நினைவுகள் எப்போதோ வேறு இடங்களில் பதிந்து ஊறிவிட்டவை. காலை இட்லி அவர் மனசில் ஏறவே இல்லை. ஏறாததை எப்படி மறக்க முடியும்? அதனால்தான் பத்து மணிக்கு "இன்னும் எனக்குச் சோறு போடலை" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார். அவரைப் பொறுத்தவரை அது சத்தியம்.

தோடு விஷயமும் இதேதான். பத்திரமாக எங்கேயோ வைக்கிறார். வைத்தது பதியவில்லை. தேடும்போது இல்லை. இல்லை என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். வீட்டில் அதிகமாகக் கண்ணில் படுவது யார்? நீங்கள். இந்த நோயில் திருட்டுப் பழி, நெருங்கிப் பார்த்துக்கொள்பவர் மேல்தான் வந்து விழும். என் அறையில் இதைச் சொல்லி அழாத மருமகளும் மகளும் குறைவு. "நான் எடுக்கலை" என்று வாதாடாதீர்கள். "ஐயோ, தோட்டைக் காணோமா? வாங்க அத்தை, ரெண்டு பேரும் தேடுவோம்" என்று சேர்ந்து தேடுங்கள். அரிசிப் பானை, தலையணை உறை, மடித்த சேலைக்குள் முதலில் பாருங்கள். அதே மாதிரி ஒரு கவரிங் தோடு வாங்கி வைத்துக்கொள்வதும் உதவும். லைனில் நாலு பேரிடம், இது நோய் என்று உங்கள் கணவரே சொல்லட்டும். நீங்கள் சொன்னால் சமாதானம் சொல்வதாக நினைப்பார்கள்.

பெரட்டுக்குக் கிளம்பும்போது, "ரிட்டயர் ஆகிப் பதினஞ்சு வருஷமாச்சு, மாமாவும் செத்துப்போயிட்டாரு" என்று சொல்லிப் பார்த்தோம், அழுது தீர்த்துவிட்டார் என்கிறீர்கள். அழத்தான் செய்வார். புருஷன் இறந்த செய்தியை ஒவ்வொரு காலையும் புதிதாகக் கேட்கிறார் பாருங்கள். திருத்த வேண்டாம். அவர் போகத் துடிப்பது ஒரு இடத்துக்கு இல்லை. கை நிறைய வேலையும், பெயர் சொல்லிக் கூப்பிட ஆளும் இருந்த ஒரு காலத்துக்கு. "உங்க பெரட்டுக்களம் எங்க இருந்துச்சு அத்தை? கங்காணி யாரு?" என்று கேளுங்கள். தேத்தண்ணி ஒரு டம்ளர் கொடுங்கள். "மழை விடட்டும், சேர்ந்து போவோம்" என்று சொல்லுங்கள். பொய் சொல்வதாக இருக்கிறதே என்று உறுத்தினால், பேச்சை அவர் காலத்துக்குத் திருப்பினாலே போதும், பொய் தேவைப்படாது.

ஒரு முறை குன்னூர்ப் பக்கம், நோயாளியான ஒரு பாட்டியைப் பார்க்க வீட்டுக்கே போயிருந்தேன். இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் மகள் ஒரு கட்டு முருங்கைக்கீரையை முறத்தில் வைத்து முன்னால் நகர்த்தினார். பாட்டி உட்கார்ந்தார். காம்பைத் தனியே, இலையைத் தனியே, ஒரு பழுத்த இலைகூடக் கலக்காமல் முக்கால் மணி நேரம் உருவினார். முடித்ததும் முறத்தைத் தூக்கி எடை பார்க்கிற மாதிரி ஒரு ஆட்டு ஆட்டினார். அன்று எந்த மாத்திரையையும் நான் கூட்டவில்லை. டெலிரியம் இறங்கியதும் உங்கள் அத்தைக்கும் இப்படி வேலை கொடுங்கள். சரியாகச் செய்கிறாரா என்று பார்க்காதீர்கள்.

பூட்டு

பாவமா என்று கேட்டீர்கள். யானை நிற்கும் பாதையில் அத்தை போனதைக் கேட்டுப் பதறிப்போய்ப் பூட்டியவரைப் பாவி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆளே இல்லாத வீட்டில் அவரை வைத்து வெளியே பூட்டுவதை நிறுத்தியாக வேண்டும். அடுப்பில் தீப்பிடித்தால் அவரால் வெளியே வர முடியாது. விழுந்தால் மாலைவரை கிடப்பார். குளிருக்குக் கரி மூட்டி உள்ளே வைத்திருந்தால் இன்னும் மோசம். அடைத்த அறையில் கரியிலிருந்து வரும் விஷவாயு வாசனைகூடத் தெரியாமல் ஆளைக் கொன்றுவிடும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டி வைத்திருந்ததால் தப்ப முடியாமல் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. நினைவுத்திறன் கோளாறும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. ஆகவே "பூட்ட வேண்டாம், காலில் கயிறு கட்டு" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சே வேண்டாம்.

பூட்டுக்குப் பதில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். வீட்டில் ஆள் இருக்கும்போது கதவைத் தாழிடுவதில் தவறில்லை. தாழ்ப்பாளை வழக்கமான உயரத்தில் வைக்காமல் நன்றாக மேலே அல்லது கீழே வைத்தால் அவர் கண் அங்கே போகாது. கதவில் ஒரு மணி கட்டுங்கள், விடியற்காலை திறந்தால் நீங்கள் எழுந்துவிடலாம். படங்கு, கூடை, செருப்பு எல்லாம் கண்ணில் படாமல் இருக்கட்டும். அவற்றைப் பார்த்ததும்தான் கிளம்பத் தோன்றுகிறது. முப்பது வருடம் நடந்த கால்கள் நடக்கத்தான் கேட்கும். வெயில் வந்த பிறகு, யானை நடமாட்டம் இல்லையென்று தெரிந்துகொண்டு, லைனுக்குள்ளேயே அரைமணி நேரம் யாராவது கூட நடங்கள். ஜாக்கெட்டின் உள்பக்கம் போன் நம்பர் எழுதிய துணியைத் தைத்துவிடுங்கள். டீக்கடை, ஜீப் ஸ்டாண்டு, வனக்காவலர்கள் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். அண்மையில் எடுத்த போட்டோ உங்கள் போனில் இருக்கட்டும். காணவில்லை என்றால் நீங்களே தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காமல் அப்போதே 112-ஐ அழையுங்கள்.

பகல் எட்டு மணியிலிருந்து நாலு மணிவரை யார் பார்ப்பது? உண்மையான முடிச்சு இதுதான். எனக்குத் தெரிந்து ஒரே வழி, லைனிலேயே ஓய்வு பெற்ற, அத்தைக்குப் பழக்கமான ஒருவரை மாதச் சம்பளத்துக்கு உட்கார வைப்பது. அந்தச் செலவை யார் தருவது என்பது மூத்தவரோடு பேச வேண்டிய பேச்சு.

திருப்பூரும் கைநாட்டும்

மாதம் மாறி மாறி வைத்துக்கொள்வது நியாயமான பங்கீடு மாதிரி தோன்றும். உங்கள் கணவரின் அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்வதாகவும் நான் நினைக்கவில்லை. ஆனால் இந்த நோயில் பழகிய வீடே பாதி மருந்து. இங்கே இருட்டிலும் பாத்ரூமுக்கு வழி தெரியும். அங்கே ஒவ்வொரு மாதமும் முதலிலிருந்து. மாறி மாறி அலைக்கழிந்தவர்கள் சீக்கிரமே படுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆளை மாற்றிக்கொள்வதற்குப் பதில் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள்: பார்க்கிறவருக்கான சம்பளத்தை அவர் அனுப்பட்டும், மே மாதத்திலும் தீபாவளிக்கும் குடும்பத்தோடு இங்கே வந்து பத்து நாள் பார்த்துக்கொள்ளட்டும். 2007 பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, வசதியுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தக் கடமை உண்டு. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அதை விசாரிக்கிறது; உங்களுக்குக் கூடலூரிலேயே கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. அண்ணன் தம்பிக்குள் அந்த அளவுக்குப் போக வேண்டாம், ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கைநாட்டு விஷயத்தில் கறாராக இருங்கள். என்ன காகிதம், எவ்வளவு பணம், யாருக்குப் போகிறது என்று புரியாத நிலையில் எடுத்த கைநாட்டு சட்டப்படி நிற்காது. எடுத்தவருக்குத்தான் பின்னால் தொல்லை. இந்தப் பத்து நாள் குழப்பத்தில் எந்தக் காகிதத்திலும் விரல் வைக்க விடாதீர்கள். பவர் பத்திரம் எழுதிக்கொண்டால் போதாதா என்கிறீர்கள். எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் அதோடு முடிந்துவிடும் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டம். எப்போது தேவையோ அப்போது உதவாது. டெலிரியம் தெளிந்து அவருக்கு விஷயம் புரிகிற நிலை வந்தால், டாக்டரிடம் அதற்குச் சான்று வாங்கி, இரண்டு மகன்களையும் வைத்துக்கொண்டு வங்கி மேலாளர் முன் அவரையே கேளுங்கள். கூட்டுக் கணக்காக மாற்றுவதா, வட்டி மாதாமாதம் அவர் செலவுக்கே வருகிற மாதிரி செய்வதா என்று அவர் சொல்லட்டும். அது அவர் பணம், அவரைப் பார்த்துக்கொள்ளவே செலவாக வேண்டும். தெளிவு திரும்பவே இல்லை என்றால் பாதுகாவலர் உத்தரவுக்கு உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருக்கும். இலவச சட்ட உதவிக்கு 15100.

மற்ற கேள்விகள்

மந்திரிப்பது: திருநீறு பூசுவதில் எனக்கு ஆட்சேபமில்லை, அவருக்கும் ஆறுதலாக இருக்கும். பட்டினி போடுவது, புகை காட்டுவது, அடிப்பது கூடவே கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு கோயிலுக்குப் போங்கள்.

மறதிநோய்தான் என்று உறுதியானால் டொனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், நோயைக் குணமாக்காது. கத்துவதை அடக்க என்று கொடுக்கும் மாத்திரைகளில் கவனம் தேவை. இந்த நோயாளிகளுக்கு அவை பக்கவாதத்துக்கும் மரணத்துக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. தவிர்க்கவே முடியாதபோது, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு மட்டும். எந்த டாக்டர் எழுதினாலும் "எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள்.

உங்கள் கணவருக்கும் வருமா? முதுமையில் வரும் மறதிநோய் பெரும்பாலும் நேராகப் பிள்ளைக்கு இறங்குவதில்லை. மற்றவர்களைவிடக் கொஞ்சம் வாய்ப்புக் கூடுதல், அவ்வளவுதான். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, குடி, காது கேளாமை, தனிமை உள்ளிட்ட 14 காரணங்களைக் கவனித்தால், உலகில் வரும் மறதிநோயில் 45 சதவீதம்வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் சொன்னது. ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்றே அவர் பிரஷரையும் பார்த்துவிடுங்கள்.

நான்கு பக்கத்தில் உங்களைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள்: இரவில் மூன்று மணி நேரம் தூங்குகிறேன், ஒரு நாள் கை ஓங்கிவிட்டேன் என்று. ஓங்கிய கையைக் கீழே இறக்கினீர்களே, அதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை களைப்பில் யாருக்கும் அது வரும். அப்படி வரும்போது அவர் பத்திரமாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்து நில்லுங்கள். வாரத்தில் இரண்டு இரவு உங்கள் கணவர் அத்தை பக்கத்தில் படுக்கட்டும், நீங்கள் பிள்ளைகளோடு தூங்குங்கள். இதைச் சலுகையாக நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவருடைய அம்மா. பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416. இரவிலும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. முதியோர் உதவி எண் 14567. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் பக்கம் எந்தக் கிழமை வருகிறார் என்று கூடலூர் அரசு மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாளில் ஊட்டிவரை போகாமல் தொடர்ந்து காட்டலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சோடியம், சிறுநீர், தைராய்டு, பி12, தலை ஸ்கேன் இவற்றின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன மருந்து, மருந்து வேண்டுமா என்பதையெல்லாம் அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.